சாம்பிளுக்கு வந்த துப்பாக்கி

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வாய்திறந்து, இது வேண்டும் என்று கேட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். டிவியில் மாட்டி விளையாடுகிற துப்பாக்கி. மகளைக் கட்டிக்கொடுத்து, மாமனார் என்று பெயர் வாங்கி, காதோரம் நரைத்த பிறகு கேட்டார். கேட்ட அன்று எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை. "ஏனுங்க, நல்லாத்தான இருக்கறீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்தக் காலத்தில் திருப்பூர் ஓகோவென்று இருந்தது என்று இப்போது பலர் சொல்லக் கேட்கிறேன். இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த திருப்பூர் ஒரு டேபிளும் அதற்கு மேலே ஒரு டியூப் லைட்டும்தான். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனை விரித்து, புரட்டி, உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். காலையில் நிற்க ஆரம்பித்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் உட்காருவது. வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்புக்குள் கால் நுழையாது. வீட்டில் யாராவது பேசினால் எரிச்சல் வரும், பேசாவிட்டால் அதைவிட எரிச்சல் வரும். அப்படி ஒரு அலுப்பு.

அவர் நிட்டிங் மெஷின் ஓட்டினார். மெஷின் வட்டமாகச் சுற்றும், துணி குழாய் மாதிரி கீழே இறங்கி ரோலாகச் சுருளும். ஒரு ஊசி உடைந்தாலும் துணியில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். துணிக்குள்ளே லைட் எரியும். ஆபரேட்டர் சுற்றிச் சுற்றி வந்து அந்த வெளிச்சத்தில் துணியைப் பார்த்து, கோடு தெரிந்ததும் மெஷினை நிறுத்தி ஊசியை மாற்ற வேண்டும். பார்க்காமல் விட்டால் ரோல் முழுக்கக் கோடுதான். சாயத்துக்குப் போய் வந்த பிறகு அது பளிச்சென்று தெரியும். நூல் கொடுத்து ஓட்டச் சொன்ன கம்பெனிக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் அவர் ஓட்டிய ரோல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஊசி மட்டம் என்றார். புது ஊசி போட்டார்கள். நூல் மட்டம் என்றார். பிறகு கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். ஒருநாள் முதலாளி ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம்: "இன்னொருக்கா ரோல் திரும்பி வந்துச்சுன்னா நம்மனால ஆகாதுங்க. மெஷினை விட்டுப்போட்டு நூல் மூட்டை தூக்கற வேலைக்கு வந்துருங்க. தப்பா எடுத்துக்காதீங்க." எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

மீசை முளைக்காத வயதில் ஹெல்பராகச் சேர்ந்து, நூல் மூட்டை தூக்கித் தூக்கி ஆபரேட்டர் ஆன மனிதர். முதுகு போன பிறகு மறுபடியும் மூட்டைக்குப் போவதென்றால்? அதை என்னிடம் சொன்னபோது தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நானும் என் காலைத் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்துப் படுத்துக்கொள்வேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை ரூமுக்குள் இரண்டு மூட்டைகள் கிடக்கிற மாதிரி கிடந்தோம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் டிவி படுத்துவிட்டது. பல்லடம் ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடை. கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார், என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை அண்ணா என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை வாங்கிவரப் போனபோது கவுன்டர்மேல் பெரிய கலர் டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குளம், கரையெல்லாம் நாணல். நாணலுக்குள்ளிருந்து பச்சைக் கழுத்து வாத்துகள் விருட்டென்று கிளம்பிப் பறந்தன. கவுன்டரில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, வயரோடு. அதை டிவிக்கு நேரே நீட்டி விசையை இழுத்தால் திரையில் வாத்து விழுந்தது. எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"சும்மா ஒருக்கா சுட்டுப் பாருங்கண்ணா" என்று கடைக்காரர் அவர் கையில் கொடுத்தார். இவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். கவுன்டரில் வயிறு இடிக்க நின்று ஒரு கண்ணை மூடினார். டிங். ஒரு வாத்து விழுந்தது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. திடீரென்று அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு அப்படியொரு சிரிப்பு இருந்தது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

"பேரனுக்குங்களாண்ணா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாமா, பேரனுக்குத்தான்" என்றார் இவர். சாமளாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் அப்போதுதான் மசக்கையில் கிடந்தாள்.

அன்று இரவுச் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதுதான் அந்தத் துப்பாக்கியைக் கேட்டார். ஒரு வாரம் நான் வளைந்துகொடுக்கவில்லை. அம்மியில் அரைத்து அரைத்து என் தோள்பட்டை கழன்றுகொண்டிருந்தது, மிக்சி வாங்கலாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், இவருக்கு வாத்து சுட வேண்டுமாம். வேலையே ஊசலாடும்போது விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேன். பக்கத்து ரூம்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டேபிளில் பனியனைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. ஒரு பொம்மைத் துப்பாக்கி அந்தச் சிரிப்பை வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால்கூட வாங்கலாமே என்று மனசு இளகியது. மனசு இளகினாலும் தொழில்புத்தி விடவில்லை. எங்கள் ஊரில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதையும் ஓகே செய்வதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர்கூட சாம்பிளைத் துவைத்து, காயப்போட்டு, அளந்து பார்த்துத்தான் தலையாட்டுவார். நான் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும்?

கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். "சாம்பிளுக்குக் குடுங்க. ஒரு வாரம் ஊட்ல வெச்சுப் பாக்கறோம். ஓகேன்னா எடுத்துக்கறோம், இல்லீன்னா திருப்பிக் கொண்டாந்து தர்றோம்."

"பையரையே மிஞ்சிட்டீங்கக்கா" என்று சிரித்தார் கடைக்காரர். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். "பெட்டி கொஞ்சம் கசங்கியிருக்குதுங்க, அதனால வெலையும் கொறைச்சுத்தான் போட்டிருக்கறேன்."

விலை குறைச்சல் என்றதும் என் கண் தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாமே செகண்ட்ஸ். எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பனியன், ஓரம் கோணிய பெட்ஷீட், மூடி சரியாக உட்காராத டிபன் டப்பா. மலிவாகக் கிடைக்கிற பொருளில் எங்கேயோ ஒரு குறை இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்துவிட்டால் நிம்மதி. ஓ, இதனால்தான் மலிவு, மீதியெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் வாங்குவார்கள். நானும் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு நீளக் கீறல் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. பர்சுக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருந்த அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் கீறலைக் காட்டுகிற மாதிரி ஒட்டினேன். பழக்கதோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மாட்டினோம். எங்கள் டிவி சின்னது, கறுப்பு வெள்ளை. கதவோரத்து ஸ்டூலில் இருக்கும். ரூமின் அந்தக் கோடியில் கட்டில். அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, துப்பாக்கியைத் தூக்கினார். அவர் முகத்தில் தீபாவளிக் களை இருந்தது.

"கொக்கு என்னமாப் பறக்குது பாரு புள்ள."

"கொக்கு இல்லீங்க, வாத்து. கடைல பாத்தமே."

"கொக்குதான். வெள்ளையாப் போகுதல்ல?"

கறுப்பு வெள்ளையில் பச்சைக் கழுத்து எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். சுட்டார். விழவில்லை. மறுபடி சுட்டார், விழவில்லை. விசையைப் படபடவென்று இழுத்தார். வாத்துகள் பாட்டுக்குப் பறந்து திரையைத் தாண்டிப் போயின. வயரைப் பிடுங்கி மாட்டினார். ஊதினார். தொடையில் தட்டினார்.

"துப்பாக்கி ஃபால்ட்டு" என்றார். குரல் மாறிவிட்டது. "செகண்ட்ஸைத் தலைல கட்டிப்போட்டான்."

எனக்கும் ஆத்திரம்தான். கீறலோடு போயிற்று என்றல்லவா நம்பினேன்! உள்ளேயும் ஒரு கோளாறு இருக்கிறதென்றால் என் கண்ணுக்கு என்ன மரியாதை? செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதிரிக் குறை அடுத்தடுத்த பனியனில் வந்தால் பனியனைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். அது எந்தத் தையல் மெஷினிலிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கே வேறு ஆளை உட்கார வைப்போம். குறை தொடர்ந்தால் மெஷினைக் கழற்ற வேண்டும்.

"கொண்டாங்க இங்க. நான் சுடறேன்" என்று அதே கட்டிலில், அதே இடத்தில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் துப்பாக்கி பிடித்தவள் இல்லை. முதல் வாத்து தப்பியது. அடுத்தது டிங் என்று விழுந்தது. அப்புறம் வரிசையாக விழுந்தன.

"உனக்கு லக்கு" என்றார்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு எழுந்தார். டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து சுட்டார். விழுந்தது. ஒரு எட்டு பின்னால் நகர்ந்து சுட்டார். விழுந்தது. இன்னும் நகர்ந்தார். ஒன்று விழுந்தது, ஒன்று தப்பியது. கட்டில் முதுகில் இடிக்கும் வரை வந்து சுட்டார். ஒன்றும் விழவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. டிவிக்குள் வாத்துகள் மட்டும் கத்திக்கொண்டே பறந்தன.

ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "எந்த பஸ்ஸுன்னு பாரு புள்ள" என்பார். சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன். வெள்ளைத் துணிக்குள் வெள்ளை வெளிச்சம் எரிய, அதில் மயிரளவு கோட்டைத் தேட வேண்டிய மனிதர் அவர். ஊசி, நூல், கரண்ட் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். ஆளை மாற்றிப் பார்த்தது நாங்கள்தான், எங்கள் வீட்டில், ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு.

அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட். தினமும் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "துப்பாக்கி ஃபால்ட்டுதான?" நான் ஆமாங்க என்று சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருப்பது தெரிந்தது. சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. மனுஷன் பாவம், அந்த ஒரு வார்த்தையில் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அடுத்த ரோல் சாயத்துக்குப் போயிருக்குமே, அது எப்போது திரும்பி வருமோ என்று நினைத்தால் நாக்கு எழவில்லை. இல்லீங்க, உங்கள் கண்தான் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஊரார் தைத்த பனியனில் எல்லாம் அம்பு ஒட்டுகிறவளுக்கு, கட்டினவர் முகத்தைப் பார்த்துக் குறை இங்கே என்று சொல்ல வாய் வரவில்லை. "ஞாயித்துக்கெழமை கடைக்காரரையே கேப்பமுங்க" என்று தள்ளிக்கொண்டே போனேன். களைப்பில் இதுவும் ஒரு வசதி, எதையும் நாளைக்கு என்று தள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியைப் பிரித்ததும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, இந்தக் கீறலுக்கா ரிட்டர்ன் பண்றீங்க? சுடறதுக்கும் இதுக்கும் என்னுங்க சம்பந்தம்?"

"அதில்லீங்க" என்று ஆரம்பித்தேன். பேரன் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். வீட்டு டிவிக்குச் சேரவில்லை என்று சொல்லலாம். எதையாவது சொல்லி மூவரும் மரியாதையாகப் பிரிந்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "துப்பாக்கி நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. அதுல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியறதில்ல."

கடைக்காரர் துப்பாக்கியைக் கவுன்டரில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷமாவே பனி மூடுன மாதிரி இருக்குதுங்க. வெளிச்சத்தப் பாத்தா இன்னும் மோசம். ஊட்ல சொல்லல. அன்னைக்கு இங்க நின்னு சுட்டனல்லங்க, எல்லாமே உளுந்துச்சு. அட, நம்ம கண்ணு நல்லாத்தான் இருக்குது, கோளாறு மெஷின்லதான்னு நெனச்சுப்போட்டேன். அந்தச் சந்தோஷத்துலதான் சிரிச்சேன். ஊட்ல ஒண்ணு இருந்தா தெனமும் சுட்டுப் பாத்துக்கலாம்னு..." என்று சொல்லிவிட்டுக் கவுன்டரைத் தடவினார். "கிட்ட நின்னதால உளுந்திருக்குது."

ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். நான் விளையாட்டுச் சந்தோஷம் என்று நினைத்த சிரிப்பு அது. அதை வாரத்துக்கு ஒருமுறை கேட்கலாம் என்றுதான் துப்பாக்கியை வாங்கவே யோசித்தேன்.

கடைக்காரர் சங்கடத்தில் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார். "எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்கண்ணா இருந்துச்சு. கண்ணுல புரைன்னாங்க. கோயமுத்தூர்ல கீறி எடுத்தாங்க, இப்ப பேப்பர் படிக்கறாரு. சீக்கிரம் போய்க் காட்டுங்க." பசை போகவில்லை. கீறலுக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை என்று துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு என் தோளை ஒட்டி நடந்தார். முன்னெல்லாம் நாலு எட்டு முன்னால் போகிறவர். பாதி வழியில் நின்றார்.

"நெசமாச் சொல்லு புள்ள. அது கொக்கா, வாத்தா?"

"வாத்துங்க."

"கழுத்து?"

"பச்சைங்க. கடைல கலர் டிவில நல்லாவே தெரிஞ்சுதுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். கொஞ்சதூரம் போன பிறகு, "நாளைக்கு ரோல் திரும்பி வர்றதுக்குள்ள நானே மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லிப்போடறேன்" என்றார். ரோட்டைத் தாண்ட வேண்டிய இடம் வந்ததும் கேட்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.